மாத்திரை எடுத்துக் கொடுக்கவா நான்கு வருடம்?

வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ தேர்வு முடிவுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருந்தியல் படிப்பைப் பற்றியவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்காக: மருந்தியல் பட்டப்படிப்பான பி.ஃபார்ம் முடித்து ஓசூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். அப்புறம் அதன் மேற்படிப்பான எம்.ஃபார்ம் படித்து ஆசிரியை ஆனேன். தருமபுரிதான் சொந்த ஊர்.

மகள் பி.ஃபார்ம் சேர வேண்டும் என்கிறாள். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க நான்கு வருடம் எதற்கு? எங்கள் ஊர் மெடிக்கலில் இருக்கும் பையன் ஆறு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டான்.
– ஒரு தந்தை, ஊத்தங்கரை

ஐயா, எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் தாராளம். உங்கள் மகள் படிக்கப்போவது அதை அல்ல.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முழுசாக விழுங்க வராது என்பதால் மருமகள் அதை இடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுத்துவந்தார். கூழ் குடித்த கொஞ்ச நேரத்தில் பாட்டிக்குத் தலை சுற்றும். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஒருநாள் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். மருந்தை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்படி செய்யப்பட்ட எஸ்.ஆர். மாத்திரை அது. இடித்துவிட்டால் ஒரு நாளுக்கான மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கும். மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். மருமகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்தவர் 'இடிக்காதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நான்கு வருடம் படிக்கிறோம்.

இதே போல, கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு, கால்சியத்துக்கும் இரும்புக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். சீட்டில் மூன்றின் பெயரும் சரியாக இருக்கும். நேரம் தவறினால் பலன் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் ஒரு திரவ மருந்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்தைக் கரைக்க டைஎத்திலீன் கிளைகால் என்ற திரவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. 1972-இல் சென்னையில் அதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் நம் தமிழ்நாட்டில் தயாரானது. சிரப்பில் மருந்தைக் கரைக்க, மருந்துக்கு உரிய தரத்தில் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைகாலையும் வாங்கி, டிரம்மைத் திறந்து மாதிரி எடுத்து, கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியில் ஓட்டிப் பார்த்தால் இந்த நஞ்சு தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவரும், முடிவு சரியில்லை என்றால் 'இந்த டிரம் உள்ளே போகக் கூடாது' என்று கையெழுத்துப் போட மறுக்கத் துணிந்தவரும் வேண்டும். தரக்கட்டுப்பாட்டில் இருந்தபோது இந்த ஒரு கடமைதான் என் மனதில் எப்போதும் இருந்தது. உங்கள் மகளுக்கு அந்த இடத்தில் நிற்கும் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள்.

நான் பயாலஜி குரூப். நீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது. பி.ஃபார்ம் படிக்கலாம் என்று அக்கா சொல்கிறாள். உள்ளே என்னதான் சொல்லித்தருவார்கள்? வருடவாரியாகச் சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, பாலக்கோடு

கண்ணு, முதலில் சேர்க்கை விஷயம். பி.ஃபார்முக்கு நீட் தேவையில்லை. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. அரசுக் கல்லூரி என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.ஃபார்ம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் சேலம், நாமக்கல் பக்கம் தனியார் கல்லூரிகள் உண்டு.

நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பாடத்திட்டத்தை இந்திய மருந்தியல் கவுன்சில் வகுத்திருக்கிறது. அதனால் எந்த ஊரில் படித்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதல் வருடம் உடம்பையும் வேதியியலையும் சுற்றியே இருக்கும். அனாடமி, ஃபிசியாலஜி பாடத்தில் எலும்பிலிருந்து சிறுநீரகம் வரை வரும். லேபில் உன் விரலையே குத்தி ரத்த வகையும் ஹீமோகுளோபினும் பார்ப்பாய். பார்மசூட்டிக்ஸ் லேபில் சிரப், லோஷன், எமல்ஷன் எல்லாம் கையால் செய்வாய். சாதாரண சிரப்பில் எடைக்கு எடை 66.7 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கிருமி வளரும், கூடினால் படிகமாகி அடியில் தங்கும். எமல்ஷன் என்றால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த மருந்து. அதற்கு எண்ணெய் நாலு பங்கு, தண்ணீர் இரண்டு, கோந்து ஒன்று. அரைக்கும்போது கல்வத்தில் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வராமல் அழுத மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமே சரியாக வந்துவிடும், பயப்படாதே.

இனார்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு பாடம் வரும், நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போல. பல் மருந்துகள் பகுதியில் ஃப்ளூரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்று இருக்கும். உண்மைதான். ஆனால் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் அதே ஃப்ளூரைடு பல்லைப் பழுப்பாக்கும், இன்னும் கூடினால் எலும்பை வளைக்கும். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இந்தக் காரணத்தால்தான். ஒரே பொருள், அளவு மாறினால் மருந்து நஞ்சாகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் முழங்காலை நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் ஃபார்மகாலஜி படிக்கும்போது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வரும். எட்டு வயதுக்குள் கொடுத்தால் அதுவும் பல்லில் படிந்து நிறம் மாற்றும். ஒரு குழந்தையின் பல் கறையைப் பார்த்து 'இது தண்ணீராலா, மருந்தாலா' என்று கேட்கத் தோன்றினால் நீ சரியாகப் படிக்கிறாய் என்று அர்த்தம்.

இரண்டாம் வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பார்மசூட்டிகல் இன்ஜினியரிங் என்று கொஞ்சம் கனமாகவே இருக்கும். அரியர் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். ஆர்கானிக்கை மனப்பாடம் செய்யாதே. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து வரைந்து படி. நாலாவது செமஸ்டரில் மெடிசினல் கெமிஸ்ட்ரியும் ஃபார்மகாலஜியும் தொடங்கும்போது அந்த உழைப்புக்குப் பலன் தெரியும். அங்கேதான் நரம்பின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் எப்படி வேலை செய்கிறது என்று படிப்பாய். வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தைக் குடித்தவருக்கு ஏன் கண்மணி சுருங்குகிறது, ஏன் வாயில் எச்சில் ஒழுகுகிறது, அட்ரோபின் ஏன் போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மூலக்கூறிலிருந்தே புரிந்துவிடும். முன்பு இந்தப் பாடத்துக்குத் தவளையையும் எலியையும் அறுத்தோம். இப்போது பெரும்பாலும் கணினி மென்பொருளில் செய்துகாட்டுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

மூன்றாம் வருடம் எனக்குப் பிடித்த வருடம். மாத்திரை செய்யும் இயந்திரம், அதைச் சோதிக்கும் கருவிகள் எல்லாம் இங்கே வரும். மாத்திரை எவ்வளவு உதிர்கிறது என்று பார்க்கும் ஃப்ரையபிலிட்டி கருவியில் மாத்திரைகளைப் போட்டு நூறு சுற்று உருட்டுவோம். ஒரு சதவீதத்துக்கு மேல் எடை உதிரக் கூடாது. பூச்சு இல்லாத மாத்திரை 37 டிகிரி தண்ணீரில் 15 நிமிடத்துக்குள் கரைந்து சிதற வேண்டும். குடலில் கரைய வேண்டிய என்டெரிக் மாத்திரையை அமிலத்தில் இரண்டு மணி நேரம் போட்டு வைப்போம். விரிசல்கூட விடக் கூடாது. பிறகு கார அமிலத்தன்மை (pH) 6.8 உள்ள கரைசலுக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் உடைய வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் அது உடைவதைப் பார்த்த பிறகு, 'அமிலம் பட்டால் வீணாகும் மருந்து' என்ற வரியை யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆறாவது செமஸ்டரில் ஃபார்மகோகைனெடிக்ஸ், அதாவது மருந்து உடம்புக்குள் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்ற கணக்கு. கணக்குக்குப் பயப்படும் பிள்ளைகள் இங்கே திணறுவார்கள். அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள். ஒழுகும் வேகத்துக்குச் சமமாக ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். மருந்தும் அப்படித்தான், சிறுநீரகமும் கல்லீரலும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சீட்டில் எழுதுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். சிறுநீரகம் கெட்டவருக்கு ஓட்டை அடைபட்டுவிடுகிறது. பல மருந்துகளில் அளவைக் குறைக்காவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாம் வருடத்திலேயே சட்டப் பாடமும் உண்டு. 1940-ஆம் வருட மருந்துச் சட்டம், 1948-ஆம் வருட பார்மசி சட்டம், எந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கு ஏன் தனிப் பதிவேடு வைத்து மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பதெல்லாம். இதைச் சலிப்பான பாடம் என்று தள்ளாதே.

கடைசி வருடம் கருவிகள், புள்ளியியல், மருத்துவமனை பார்மசி, ஒரு புராஜெக்ட். முடித்ததும் மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

டாக்டர் சீட் கிடைக்காத வருத்தத்தோடு மட்டும் இதில் சேராதே. வேதியியல் உனக்குப் பிடிக்குமா என்று யோசி. பிடிக்கும் என்றால் வா. பிடிக்காது, நோயாளியோடு இருப்பதுதான் பிடிக்கும் என்றால் நர்சிங்கையும் ஒருமுறை எண்ணிப் பார்.

நான் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். உயிரியல் படிக்கவில்லை. சேர முடியுமா?
– ஒரு மாணவர், ஓசூர்

முடியும் தம்பி. இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடம் கணிதமாக இருக்கலாம். முதல் செமஸ்டரில் உங்களுக்கு அடிப்படை உயிரியல் ஒரு தனிப் பாடமாக இருக்கும். கணிதம் படிக்காதவர்களுக்கு அதே இடத்தில் கணிதம் வைப்பார்கள். இரண்டாவது செமஸ்டரிலேயே இந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

தாத்தா நாட்டு வைத்தியர். மூலிகைகளில் ஆர்வம் அதிகம். பி.ஃபார்மில் அதற்கு இடம் இருக்கிறதா?
– ஒரு மாணவி, பென்னாகரம்

நிறையவே இருக்கிறது. செடிகளிலிருந்து கிடைக்கும் மருந்துகளைப் பற்றிய ஃபார்மகோக்னசி என்ற பாடம் இரண்டு செமஸ்டர், அடுத்து மூலிகை மருந்துத் தொழில்நுட்பம் ஒரு செமஸ்டர். லவங்கப்பட்டையையும் சோம்பையும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாய். ஃப்ளோரோகுளுசினாலும் அமிலமும் விட்டதும் கட்டைத் திசு சிவப்பாக மாறும். பொடியில் கலப்படம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் ஊர் வேலிகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. நம் மாநில மலர் செங்காந்தளில் கோல்சிசின் இருக்கிறது. கீல்வாதத்தில் கௌட் என்று ஒரு வகை உண்டு. அதன் வலிக்கு அது மருந்து. ஆனால் அந்தக் கிழங்கைத் தின்றால் உயிரே போகும். சூரத்து நிலாவாரை இலை மலச்சிக்கலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகிறது. எந்தச் செடியில் எந்தப் பகுதியில் எந்த வேதிப்பொருள், எவ்வளவு, எப்படிப் பிரித்தெடுப்பது என்பதே பாடம்.

ஒன்று மட்டும் தெளிவாக வைத்துக்கொள்: இதைப் படித்தால் சித்த மருத்துவர் ஆக முடியாது, அதற்கு பி.எஸ்.எம்.எஸ். தனிப் படிப்பு. ஆனால் தாத்தா சொல்லும் செடிகளின் பெயரையும், பறிக்கும் பருவத்தையும், எந்தப் பகுதியை எடுப்பார் என்பதையும் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வை. அவர் இருக்கும்போதே எழுது.

ஃபார்ம்.டி ஆறு வருடம் என்கிறார்கள். முடித்தால் டாக்டரா? பி.ஃபார்மிலிருந்து அது எப்படி வேறு?
– ஒரு மாணவர், அரூர்

நோயாளிக்கு மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை ஃபார்ம்.டி-க்குக் கிடையாது. சேரும் முன் இதை வீட்டில் எல்லோருக்கும் புரிய வைத்துவிடுங்கள். 'எங்கள் பையன் டாக்டருக்குப் படிக்கிறான்' என்று ஊரில் சொல்லிவிட்டு, பிறகு பிள்ளை கூனிக்குறுகி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிப்புக்கு அதற்கே உரிய கௌரவம் இருக்கிறது.

இந்தியாவில் 2008-இல் வந்த படிப்பு இது. முதல் மூன்று வருடம் பி.ஃபார்மைப் போலவே அனாடமி, வேதியியல், ஃபார்மகாலஜி. ஆனால் இரண்டாம் வருடத்திலேயே நோயும் சிகிச்சையும் என்ற பாடம் ஆரம்பித்துவிடும். நாலாம் வருடத்தில் கிளினிகல் பார்மசி, நஞ்சியல். ஐந்தாம் வருடத்தில் வார்டுக்குப் போய் நோயாளியின் கோப்பைப் படித்து, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்த்து, மருத்துவரிடம் பேச வேண்டும். ஆறாம் வருடம் முழுக்க மருத்துவமனை: ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம்.

நஞ்சியல் நம் பகுதிக்கு மிக முக்கியம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து இருக்கிறது. கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்தே ஒவ்வாமை உண்டாக்கலாம் என்பதால் அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். மருந்தை எப்படிக் கரைப்பது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது, கையிருப்பு எவ்வளவு வைப்பது எல்லாம் உங்கள் பாடம்.

வீடுதேடி மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, பக்கவிளைவு வந்தால் யாரிடம் சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். ஃபார்ம்.டி படித்தவர்களை நான் அந்த வேலையில் பார்க்க விரும்புகிறேன். இப்போதைக்கு அவர்களுக்குப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளிலும், மருந்து ஆராய்ச்சி, பக்கவிளைவுக் கண்காணிப்பு நிறுவனங்களிலும்தான் வேலை. பெங்களூரு பக்கத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி.

டி.ஃபார்ம் (மருந்தியல் டிப்ளமோ) முடித்து மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி ஒரு குழந்தை. மேலே படிக்க முடியுமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

முடியும்மா. டி.ஃபார்ம் முடித்தவர்கள் பி.ஃபார்ம் இரண்டாம் வருடத்தில், அதாவது மூன்றாவது செமஸ்டரில் நேரடியாகச் சேரலாம். மூன்று வருடப் படிப்பு. அஞ்சல் வழியில் கிடையாது, தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சொந்தக் கடை வைப்பதுதான் ஆசை என்றால் டி.ஃபார்மே போதும். மருந்து ஆய்வாளர் பதவிக்கோ தொழிற்சாலைக்கோ போக வேண்டும் என்றால் பட்டம் அவசியம். கடையில் பெற்ற அனுபவம் வகுப்பில் பெரிதும் கைகொடுக்கும். நான் பாடம் எடுத்தவர்களில் கூர்மையான கேள்விகள் கேட்டவர்கள் உங்களைப் போல் வந்தவர்களே.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு பெற்றோர், தருமபுரி

இந்திய மருந்தியல் கவுன்சிலின் அனுமதி அந்தப் படிப்புக்கும் இந்த வருடத்துக்கும் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். டி.ஃபார்முக்கு அனுமதி வைத்துக்கொண்டு 'பி.ஃபார்முக்கும் வந்துவிடும்' என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். அனுமதி இல்லாமல் படித்தால் பதிவு கிடைக்காது. ஃபார்ம்.டி என்றால் 300 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையோடு இணைப்பு வேண்டும். அந்த மருத்துவமனைக்கே ஒருநாள் போய், வார்டில் ஃபார்ம்.டி மாணவர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, மாத்திரை இயந்திரத்தில் உன் கையால் மாத்திரை போட்டாயா, அதைச் சோதித்தாயா என்று கேளுங்கள். 'சார் செய்து காட்டினார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம்' என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.